மாதா கேட்காத வீடு

தான் குடியிருக்கும் வீட்டைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற சேதி சகாயம்மாளுக்குக் கோயிலில்தான் தெரிந்தது. பூசை நடுவில், பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கில் வாசித்தார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மத்தியானம் பிடித்த மழை விட்டபாடில்லை. திருச்சி பாலக்கரையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் அந்தச் சின்ன மாதா கோயில் இருந்தது. அதற்கு எதிர்ச்சாரியில் மாடி அறை ஒன்றில் நான் வாடகைக்கு இருந்தேன். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நான் ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரன் இல்லை. ஆனால் கோயில் ஒலிபெருக்கியின் குழாய் என் ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்ததால், மூன்று வருஷமாக ஒரு பிரசங்கத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை.

சாமியார் அருள்நாதன் அன்று வாசித்தது இதுதான்: "நம் பங்கைச் சேர்ந்த காட்டூர் மர டெப்போ தைரியராஜ் அவர்கள், கோயிலை ஒட்டியிருக்கிற தம் தகப்பனார் அடைக்கலம் அவர்களின் வீட்டை, திருவிழாவுக்கு வருகிற யாத்திரைக்காரர்கள் தங்குவதற்கு மண்டபமாக மாதாவுக்குக் காணிக்கை வைக்கிறார். அந்தக் குடும்பத்துக்காக எல்லாரும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வோம்."

கோயில் முழுக்க மந்திரம் சொன்னது. சகாயம்மாளும் சொன்னாளாம். பழகின வாய் பாதி மந்திரத்தைத் தாண்டின பிறகுதான், காதில் விழுந்தது புத்திக்கு எட்டியிருக்கிறது. மிச்சப் பாதியை அவள் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது நாலைந்து பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "குடுத்துவச்ச குடும்பம் சகாயம்!" என்றார்கள். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பக்கத்து வாசலுக்கு நடந்ததை நான் மேலிருந்து பார்த்தேன்.

சகாயம்மாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயசு இருக்கும். பிறந்தது மருங்காபுரிப் பக்கத்துக் காட்டு ஊர். சோளமும் வரகும் தவிர வேறு விளையாத பூமி. அடைக்கலத்தின் இளைய மகன் மிக்கேலைக் கட்டிக்கொண்டு பாலக்கரைக்கு வந்தாள். மிக்கேல் ரயிலில் ஃபயர்மேன். கல்யாணமாகி எட்டாம் வருஷம் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டிலும் ஆளில்லை. மாமனாரோடு இருந்துவிட்டாள். வாழை இலை வியாபாரம். வாரத்தில் மூன்று நாள் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போவாள். கொள்ளிடக் கரையோரத் தோப்புகளில் இலை அறுத்துக் கட்டி, பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு வருவாள். முன்னறையில் ஈரச் சாக்கின்மேல் கட்டுகளை அடுக்கி, நுனி இலை தனி, ஏடு தனி, கிழிசல் தனி என்று பிரித்து வைப்பாள். பாலக்கரை மெஸ்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கே வந்து வாங்கிப்போவார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் ஒரே பச்சை வாசனைதான்.

வீடு பெரிதில்லை. இரண்டு அறை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் ஷாப்பில் நாற்பது வருஷம் உழைத்து அடைக்கலம் கட்டியது. பாய்லருக்குள் படுத்துக்கொண்டு ஆணியைத் தாங்கிப் பிடிப்பது அவர் வேலை. வெளியே இருந்து சம்மட்டியால் அடிப்பார்கள். நாற்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குள் கிடந்ததில் காது போய்விட்டது. இடது காதில் வாயை வைத்துக் கத்தினால் கேட்கும். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் பேசுவது தெருக்கோடி வரைக்கும் போகும். மூன்று வருஷத்துக்கு முன் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. அன்றிலிருந்து கட்டில்தான். எடுப்பது, துடைப்பது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது எல்லாம் சகாயம்மாள்.

கோயிலிலிருந்து வந்தவள் ஈரப் புடவையோடு அவர் காதருகே குனிந்தாள்.

"மாமா, வீட்டை மாதாவுக்குக் குடுத்துட்டீங்களா?"

"எந்த வீட்டை?" என்று அவர் கத்தினார்.

"இந்த வீட்டை!"

"யாரு குடுத்தா?"

"அத்தான் குடுத்தாராம். சாமியார் கோயில்ல வாசிச்சாரு."

கிழவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு சந்து முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார்: "நான் இன்னும் சாகலையே, சகாயம்!"

*

சாயங்காலம் தைரியராஜ் வந்தார். ஐம்பது தாண்டிய மனிதர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாதா உருவம் போட்ட வெள்ளிச் சுரூபம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தினம் பூசைக்கு வருவார். தவக்காலம் நாற்பது நாளும் ஒருபொழுது. டெப்போவில் வேலை பார்க்கிறவன் வீட்டில் சாவு என்றால் பெட்டிக்குப் பலகை அவர் கொடுப்பார். கொடுத்ததை நாலு பேர் அறியக் கொடுப்பார், அவ்வளவுதான்.

ஆப்பிள் நாலும் பன்ரொட்டியும் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். ஒழுகலுக்கு வைத்த ஈயச் சட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு விண்ணப்பம் எழுதித் தரச்சொல்லி சகாயம்மாள் முன்பே கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். எழுந்துபோகப் பார்த்தேன். "நீங்க இருங்க சார்" என்று அவள் என்னை உட்காரவைத்தாள்.

"மாசியில டெப்போவுக்குப் பக்கத்துல தீப்பிடிச்சதே, நெனவிருக்கா சகாயம்?" என்று தைரியராஜ் ஆரம்பித்தார். "வைக்கோல் கொட்டகை பூரா எரிஞ்சு, நம்ம வேலி வரைக்கும் வந்துருச்சு. நான் தேக்குக் கட்டை மேல முழங்கால் போட்டேன். தாயே, ஒரு வீடு உனக்குத் தர்றேன்னு கத்தினேன். காத்து திரும்பிருச்சு. கண்ணால பார்த்தேன். அந்த நேர்ச்சை எம்மேல நிக்குது."

"பொழச்சது டெப்போ. டெப்போவுல இருந்து குடுங்க அத்தான்."

"நான் நேர்ந்துக்கிட்டது வீடு."

"காட்டூர்ல மாடி வீடு இருக்கே."

"அதுல பேரப்புள்ளைங்க இருக்குதுங்க."

"இதுல மாமா இருக்காரு."

தைரியராஜுக்கு முகம் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "அப்பாவைக் கன்னியாஸ்திரிங்க நடத்துற முதியோர் மடத்துல சேர்த்துடலாம். பேசிட்டேன். தினம் பூசை, தினம் நன்மை அப்பம். இங்க ஒழுகல்ல கிடக்கறதுக்கு அது மோட்சம். நீ நம்ம வீட்டுக்கு வந்துரு. உங்க அக்காவுக்கு முட்டிவலி. சமையக்கட்டைப் பாத்துக்க. உனக்கு ஒரு குறையும் வராது."

"எலை?"

"இனிமே எதுக்கு எலை? உழைச்சது போதும். சொத்து சொத்துன்னு பிடிச்சுக்கிட்டே இருந்தா ஆத்துமாவுக்கு என்ன மிஞ்சும்? பூச்சி அரிக்காத இடத்துல சேர்த்து வைங்கன்னுதானே சேசுநாதர் சொன்னாரு?"

"அவங்கவங்க சொத்தைச் சேர்த்து வைக்கச் சொன்னாரு அத்தான். அடுத்தவ பாயை உருவி அங்க கொண்டு வைக்கச் சொல்லலை."

"நீ மாதாவோட மல்லுக்கு நிக்கிற சகாயம். நல்லாருக்காது."

"மாதாவோட எனக்கு வழக்கு கிடையாது. உங்களோடதான்."

அவர் எழுந்துபோய்த் தகப்பனின் காதருகே குனிந்தார். வெள்ளிக்கிழமை சப்-ரிஜிஸ்தரே வீட்டுக்கு வருவார், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று கத்தினார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். சம்மதமா, தூக்கமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தைரியராஜ் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

அவர் படி இறங்கின பிறகு கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார். "போயிட்டானா? அந்த ரொட்டியை எடு. பசிக்குது."

*

மறுநாள் சகாயம்மாள் வழக்கம்போல ஸ்ரீரங்கம் போனாள். காவேரி செம்மண் நிறத்தில் பாலத்தை முட்டிக்கொண்டு ஓடியது என்று பிறகு சொன்னாள். தோப்புக்காரி ரெங்கம்மாள், ஐம்பது வயசுக்காரி, இடுப்பில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் நின்றிருந்தாள். இரண்டு நாள் காற்றில் தோப்பே சீப்புப் பல்லாகக் கிழிந்து தொங்கியது. நல்ல இலை பத்துக்கு ஒன்று தேறினால் அதிகம். உள்பக்க மரங்களில், காற்றுப் படாத குருத்துக்கு அடுத்த இலைகளாகப் பார்த்துப் பார்த்து இருவரும் அறுத்தார்கள். கால் முழங்கால் வரைக்கும் புதைந்தது. வாழைப்பால் பட்டுச் சகாயம்மாளின் புடவையெல்லாம் ஏற்கெனவே கறைதான், அதன்மேல் புதுக்கறை.

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் மோட்டார்க் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து பழையது சாப்பிட்டார்கள். மோர்மிளகாயும், ரெங்கம்மாள் வீட்டு வாழைப்பூ வதக்கலும். சகாயம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதென்ன புதுசா?" என்றாள் ரெங்கம்மாள். "எங்க மாமனாரு சாகறப்ப பெருமாளுக்குன்னு நாலு மா நெலம் எழுதி வச்சாரு. பெருமாள் சாப்பிட்டாரோ என்னமோ, அந்த வருசம் நாங்க கஞ்சி குடிச்சோம். ஊரே அவரைப் புண்ணியவான்னுச்சு. எங்களை யாரு கேட்டா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலியா அக்கா?"

"சாமிக்குன்னு சொல்லிட்டா எதுத்து என்ன பேசறது? நாக்கு எழும்பலை. இன்னைக்கும் அந்த வரப்புல நடக்கறப்ப வயிறு எரியும். கும்பிட்டுக்கிட்டே எரியும்." ஒரு வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டுக் கேட்டாள்: "நீ என்ன செய்யப்போற?"

"போக மாட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா. வேற எனக்கு என்ன தெரியும்?"

ரெங்கம்மாள் சிரித்துவிட்டாள். கட்டைத் தூக்கிவிடும்போது, "கீழ நாலு நுனி எலை கூட வச்சிருக்கேன். வித்துக்க" என்றாள்.

சந்தில் அதற்குள் பேச்சு மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்தவர்களே செவ்வாய்க்கிழமை முகத்தைத் திருப்பினார்கள். கிழவரின் கத்தல் தெருவெல்லாம் கேட்டிருந்தது. கடவுளுக்குக் கொடுத்ததைத் தடுக்கிறவள், பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு ஏன் இந்த ஆசை, மாமனாரை வசியம் பண்ணிவிட்டாள் என்றெல்லாம் பைப்படியில் பேசினார்கள். வழக்கமாக இலை வாங்குகிற இரண்டு மெஸ்காரர்கள் வரவில்லை.

மாதா சபைத் தலைவி செல்லக்கண்ணு டீச்சர் மூன்று பெண்களோடு வந்து முன்னறையில் உட்கார்ந்தார்.

"இந்த உலகத்துச் சொத்தெல்லாம் துரும்பு சகாயம். அதுல மனசை வைக்கக் கூடாது."

சகாயம்மாள் இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "துரும்புதான் டீச்சர். உங்க கம்மலையும் கழட்டுங்க. ரெண்டு துரும்பையும் சேத்தே குடுத்துடலாம்."

டீச்சர் எழுந்துவிட்டார். அன்றைக்கே சபைப் பட்டியலில் சகாயம்மாளின் பேர் அடிக்கப்பட்டது. பத்து வருஷமாக மாதா சுரூபத்துக்கு அடியில் விரிக்கிற இலை அவள் கொடுப்பது. அந்த வாரம் வேறு யாரிடமோ வாங்கினார்கள். எதற்கும் கலங்காதவள் அன்று கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

*

வியாழக்கிழமை காலை, மாதாமாதம் வருகிறபடி, நோயாளியின் நாக்கில் நன்மை அப்பம் வைக்கச் சாமியார் வந்தார். அருள்நாதன் சாமிக்கு நாற்பது வயசுக்குள் இருக்கும். மெலிந்தவர், பிரசங்கத்தில் மட்டும் சத்தமாகப் பேசுகிறவர். நன்மை கொடுத்து முடித்து, மந்திரம் சொல்லி, எழுந்திருக்கப் போனார். கிழவர் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, எனக்கு ஒரு சந்தேகம்."

சந்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள். நான் ஆபீஸுக்குக் கிளம்பியவன் மாடிப்படியிலேயே நின்றேன்.

"மாதா புள்ளை பெத்தது எங்க?"

"மாட்டுக் கொட்டில்ல" என்று சாமியார் காதில் கத்தினார்.

"எதுக்கு?"

"சத்திரத்துல இடமில்லைன்னுட்டாங்க."

"அப்ப வெளியில நிக்கிறவ பாடு அவளுக்குத் தெரியும்ல? மழையில, வயித்துல புள்ளையோட நின்னவ. அவ எப்படி சாமி இன்னொருத்தியை வெளியில தள்ளிட்டு அந்த வீட்டுல வந்து குந்துவா? எனக்குப் புரியலை. நீங்க படிச்சவங்க. சொல்லுங்க."

சாமியார் அங்கியை விடுவிக்கப் பார்த்தார்.

"மூணு வருசமா என் பீயை இந்தப் பொண்ணு அள்ளுது. ஒரு நாள் மூக்கைப் பொத்தலை. எம்மவன் வருவான், ஆப்பிளை வைப்பான், போவான். எனக்குப் பல்லு இல்லைன்னுகூட அவனுக்குத் தெரியாது. கடவுளுக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டா பெத்தவனைப் பாக்க வேண்டாமா? அப்படி ஒரு சட்டத்தை சேசுநாதர் காறித் துப்பினாருன்னு நீங்கதானே ஒருக்கா பிரசங்கம் பண்ணீங்க? அப்ப எனக்குக் காது பாதி கேட்டுச்சு."

சாமியார் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். சகாயம்மாளைப் பார்த்தார். "குடும்பமே சம்மதம்னுதான் தைரியராஜ் எங்கிட்டச் சொன்னாரும்மா. நான் வந்து கேட்டிருக்கணும். தப்புதான். வீடு வேண்டாம். இதை இத்தோட விட்டுடலாம். நான் சத்தமில்லாம அவருக்குச் சொல்லிடறேன். ஜனங்களும் மறந்துடுவாங்க."

"சத்தமாத்தானே சாமி வாசிச்சீங்க?" என்றாள் சகாயம்மாள்.

"அதைத் திருப்பி வாசிச்சா அவருக்கு எவ்வளவு அவமானம்? கோயிலுக்கு எவ்வளவோ செஞ்சவரு."

"எனக்கு அவமானம் இல்லையா சாமி? நான் மாதா சொத்தைப் புடுங்கினவளாம்னு பைப்படியில பேசறாங்க. எம்பேரை அடிச்சுட்டாங்க. வாசிச்ச வாயாலேயே இல்லைன்னு வாசிங்க."

"பார்க்கலாம்மா" என்றார் சாமியார். அவர் குடையை மறந்து, மழையிலேயே நடந்து போனார்.

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குதிரை வண்டியில் சப்-ரிஜிஸ்தரும் அவருடைய குமாஸ்தாவும் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே தைரியராஜ், சாட்சிக்கு இரண்டு பெரிய மனிதர்கள். சாமியார் வரவில்லை. அவர் சொல்லியும் தைரியராஜ் கேட்கவில்லை என்று தெரிந்தது. "சாமி மனசு இளகினவரு. நேர்ச்சை என்னோடது" என்று வாசலிலேயே சொன்னார். சகாயம்மாள் கேட்டுக்கொண்டதால் அன்று நான் லீவு போட்டிருந்தேன்.

முற்றத்தில் மழை. இலைக்கட்டுகளை நகர்த்தி நாற்காலி போட்டார்கள். ரிஜிஸ்தர் பத்திரத்தைச் சத்தமாகப் படித்துக்காட்டினார். கிழவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் எல்லாம் தெரிந்தவர்போலப் படுத்திருந்தார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க பெரியவரே."

அடைக்கலம் வலது கையை மார்பின்மேல் வைத்து இறுக மூடிக்கொண்டார். பாய்லருக்குள் ஆணியைத் தாங்கிப் பிடித்த கை. உடம்பு வற்றியிருந்தும் அந்த முஷ்டி மட்டும் வற்றவில்லை.

தைரியராஜ் பேனாவை நீட்டினார். "அப்பா, பிடிங்கப்பா." முஷ்டி திறக்கவில்லை. "அப்பா, நான் வாக்குக் குடுத்துட்டேன்பா. மாதாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்." அந்த மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். அந்தத் தீ இன்னும் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்ததுபோல. பயத்தில் தகப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். முதலில் கட்டைவிரல். கிழவர் முனகினார்.

சகாயம்மாள் வந்து தைரியராஜின் மணிக்கட்டைப் பிடித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் உட்கார்ந்துகூடப் பேசாதவள்.

"கையை விடுங்க."

"சகாயம், தள்ளு."

"கையை விடுங்க அத்தான். நீங்க விடாம நான் விட மாட்டேன்."

அவள் பிடி தளரவில்லை. தினம் இலைக்கட்டைத் தூக்கித் தூக்கி உரமேறின கை. பெரிய மனிதர்கள் இருவரும் வேறெங்கோ பார்த்தார்கள். ரிஜிஸ்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தைரியராஜ், இஷ்டமில்லாதவர்கிட்ட வாங்கறதை நான் பதிய முடியாது. இது எனக்குப் பார்க்கவும் நல்லா இல்லை" என்று பத்திரத்தைச் சுருட்டினார்.

தைரியராஜ் விரல்களை விட்டார். பிறகுதான் அவள் விட்டாள். அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "சாமி குத்தம் உன்னை விடாது சகாயம்."

"வரட்டும். நானும் கேக்க வேண்டியது நாலு இருக்கு."

வண்டி போன சத்தம் அடங்கினதும் கிழவர் என்னைக் கூப்பிட்டார். "சார், ஒரு காகிதம் எடு. உயில் எழுது. இந்த வீடு எனக்கப்புறம் சகாயத்துக்கு. ஒரு வரி போதும்."

நான் அவளைப் பார்த்தேன். அவளைப்போன்ற பெண்கள் இப்படி ஒரு இடத்தில் கண்ணீர் விட்டு, எனக்கெதுக்கு மாமா என்று சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

"எழுதுங்க சார்" என்றாள் அவள். "வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எனக்கு வேணும்."

எழுதினேன். கிழவர் தமிழில் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். நானும் எதிர்வீட்டுச் சைக்கிள் கடைக்காரரும் சாட்சி.

*

ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கோயிலுக்குப் போனாள். நான் ஜன்னலில் நிற்கப் பொறுக்காமல் இறங்கிப்போய்க் கோயில் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். பெண்கள் பக்கம் அவளைச் சுற்றி ஒரு பாய் அளவு இடம் காலியாக இருந்தது. முன்னால் நாற்காலியில் தைரியராஜ்.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் நோட்டைத் திறந்தார். மழைக்குக் கோயில் பின்பக்கம் ஒழுகுவதைச் சொன்னார். உபதேசியாருக்கு உடம்பு சரியில்லை என்றார். தைரியராஜையும் பார்க்கவில்லை, சகாயம்மாளையும் பார்க்கவில்லை. பிறகு கல்யாண ஓலை வாசித்தார். நல்லதம்பி மகன் சகாயநாதனுக்கும் வரகனேரி தர்மராஜ் மகள் ரோசரிக்கும் முதல் ஓலை. "இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சொல்லி நோட்டை மூடினார்.

சகாயம்மாள் எழுந்து நின்றாள்.

நல்லதம்பி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார், பாவம்.

"கல்யாணத்துக்கு இல்லை" என்றாள் அவள். "புள்ளைங்க நல்லா இருக்கட்டும். போன ஞாயித்துக்கிழமை வாசிச்சதுக்கு எனக்குத் தடை இருக்கு சாமி."

மைக் வேண்டியிருக்கவில்லை. செல்லக்கண்ணு டீச்சர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு, கோயில் இது!"

"அதனாலதான் இங்க சொல்றேன் டீச்சர்."

சாமியார் கையைக் காட்டினார். "சகாயம்மா, உட்காரும்மா. பூசை நடக்குது."

"நீங்க வாசிங்க சாமி, உக்காருறேன்."

சாமியார் பலிபீடத்தின் பக்கம் திரும்பினார். பூசையைத் தொடரப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது அவர் கையில் நோட்டு இல்லை.

"போன வாரம் நான் ஒரு அறிவிப்பு வாசித்தேன்" என்றார். "அடைக்கலம் அவர்களின் வீடு மாதாவுக்குக் காணிக்கை என்று சொன்னேன். அது சரியில்லை. வீட்டுக்காரரை நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் உழைக்கிறவளையும் கேட்கவில்லை. அந்த வீட்டை மாதாவும் கேட்கவில்லை. அது அவர்கள் வீடு. தவறு என்னுடையது." நிறுத்திவிட்டு, "இப்போது உட்காரும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். பூசை நடந்தது.

வெளியே வந்ததும் என்னிடம் குடையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு சார். சாமி உக்காருன்னு சொன்னப்ப உக்காந்திருந்தா, திரும்ப எழுந்திருக்க முடிஞ்சிருக்காது. அதான் நின்னுட்டேன்."

கிழவருக்குக் காதில் கத்திக் கத்திச் சொன்னாள். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"எம்மவன் தைரியம் வந்திருந்தானா?"

"முன் நாற்காலியில இருந்தாரு."

"என்ன பண்ணினான்?"

"தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு."

கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "சின்ன வயசுல கையில முறுக்கு இருந்தா பாதியை ஒடிச்சு வைப்பான், தம்பிக்குன்னு" என்றார். "யாருக்கும் சொல்ல மாட்டான். அப்படித்தான் குடுப்பான். எப்ப மாறினான்னு தெரியலை." பிறகு, "அவனுக்குச் சொல்லி அனுப்பு. வீடுதான் இல்லை. சோறு உண்டு" என்றார்.

"சொல்லி அனுப்ப மாட்டேன் மாமா" என்றாள் சகாயம்மாள். "வந்தா எலை போடுவேன்."

மூன்று வாரம் தைரியராஜ் சந்துப் பக்கமே வரவில்லை. பூசைக்கு வேறு கோயிலுக்குப் போனார். மெஸ்காரர்கள் மட்டும் ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள்; இலை வேறெங்கே அவ்வளவு சுத்தமாகக் கிடைக்கும்? கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம் நான் கிழவருக்குப் பேப்பர் படித்துக்காட்டப் போயிருந்தபோது, தைரியராஜ் வாசலில் வந்து நின்றார். கையில் ஆப்பிள் இல்லை. தோள் நனைந்திருந்தது. சகாயம்மாள் கையைக் கழுவச் செம்பு கொடுத்து, தகப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் இலையைப் போட்டுப் பரிமாறினாள். கருவாட்டுக் குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒரு கவளத்தைப் பிசைந்து கூழாக்கித் தகப்பனின் வாயருகே கொண்டுபோனார். கிழவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தவர் படியில் நின்றார். கிளம்ப மனசில்லாதவர்போல இருந்தது.

"நேர்ந்துக்கிட்டது அப்படியே நிக்குது சகாயம்" என்றார் மெதுவாக. "மாதாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சகாயம்மாள் எச்சில் இலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஏன் அத்தான் கேக்கறீங்க? போய் அவங்ககிட்டயே கேளுங்க" என்றாள். "பக்கத்து வீடுதானே."